சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கு எது தோது: வாட்ஸ்ஆப் குழுவா, மின்னஞ்சல் குழுவா, பொது டிரைவா?

தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்தை எடுத்துக்கொண்டாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்காக வழக்கு நடத்துகிறவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் தாலுகா கோர்ட்டில் ஜீவனாம்ச வழக்கில் இருப்பார். இன்னொருவர் கிளைச் சிறையில் கைதிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். செஷன்ஸ் கோர்ட்டில் ஒருவர் குறுக்கு விசாரணையில் நிற்பார். சட்டத் தன்னார்வலர் யாரோ ஒருவர் காவல் நிலைய வாசலில் நின்றபடி போன் செய்துகொண்டிருப்பார். இவர்களை இணைக்க ஏதாவது ஒரு கருவி வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெரும்பாலான இடங்களில் அது ஏற்கெனவே இருக்கிறது: ஒரு வாட்ஸ்ஆப் குழு. அது போதுமா, போதாதென்றால் வேறு எது என்பதுதான் இங்கே பேச்சு.

அம்சங்களை வரிசையாக அடுக்கி மதிப்பெண் போடும் முறை இந்த விஷயத்தில் உதவாது. சட்ட உதவி அணிக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. அதில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவான நால்சாவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி வழக்கறிஞர் பட்டியல் மூன்றாண்டுக்கு ஒரு முறை மாற்றியமைக்கப்படுவது. குற்ற வழக்குகளில் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, முழுநேரமாக வாதாடுவதற்காக 2022இல் வகுத்த எல்.ஏ.டி.சி.எஸ். திட்டத்தில் நியமனம் முதலில் இரண்டாண்டு ஒப்பந்தம். பிறகு வேலையைப் பார்த்து ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு. ஆகவே எந்தக் கருவியைப் பற்றியும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். இந்த அணியிலிருந்து நாளைக்கு ஒருவர் விலகினால், அவர் சேர்த்த சட்ட அறிவு இங்கே தங்குமா? அவர் கையிலிருந்த கட்சிக்காரர் ரகசியம் அவரோடு போகாமல் இருக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்கிற கருவி மிகக் குறைவு.

இது சட்டமே எழுப்புகிற கேள்வியும்கூட. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதைக் காக்கும் கடமை, பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய சாட்சிய அதிநியத்தின் 132ஆம் பிரிவில் இருக்கிறது. தொழில் உறவு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும் என்று இரண்டிலும் விளக்கம் உண்டு. கடமை தொடரும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் விலகியவரின் போனில் பழைய கோப்புகள் தொடர்ந்து கிடப்பதைச் சட்டத்தால் மட்டும் தடுக்க முடியாது.

இனி வாட்ஸ்ஆப். அதன் பலத்தைக் குறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. காலை பத்தே முக்காலுக்கு நடுவர் நீதிமன்றத்தில் நிற்கும் ஓர் இளம் வழக்கறிஞர், 'முதல்முறைக் குற்றவாளிக்கு 479இல் மூன்றில் ஒரு பங்கு காலம் போதும் என்பது பழைய வழக்குகளுக்கும் பொருந்துமா?' என்று குழுவில் கேட்கிறார். (479 என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.இன் பிரிவு; உச்சத் தண்டனைக் காலத்தில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்தவருக்கு ஜாமீன் தருவது.) வழக்கைக் கூப்பிடுவதற்குள் யாராவது ஒரு சீனியர் பதில் போட்டுவிடுவார்: பொருந்தும், 2024 ஆகஸ்ட் 23 அன்று சிறை நெரிசல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த வேகத்துக்கு ஈடாக வேறு எதுவும் கிடையாது. தன்னார்வலர் முதல் சீனியர் வரை எல்லார் போனிலும் இருக்கிறது, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம்.

ஆனால் மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை வேறொருவர் கேட்பார். அப்போது அந்தப் பதில் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் எங்கோ கிடக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு, அவர் வருவதற்கு முன் நடந்த உரையாடல் தானாகத் தெரியாது. போனை மாற்றிய சீனியருக்கோ அவர் எழுதியதே மறைந்திருக்கும். அறிவு தங்குமா என்ற முதல் கேள்வியில் வாட்ஸ்ஆப் தோற்றுவிடுகிறது.

இரண்டாவது கேள்வியில் நிலைமை இன்னும் மோசம். ஒரு போக்சோ வழக்கில் சந்தேகம். கேட்கிறவர் விவரமாகக் கேட்க வேண்டும் என்று முதல் தகவல் அறிக்கையைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுகிறார். குழந்தையின் பெயர், தந்தை பெயர், தெரு, பள்ளி எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த நிமிடம் அந்தப் படம் அறுபது பேரின் போன் கேலரியில் தானாக இறங்கிவிடுகிறது; அங்கிருந்து பலருடைய போட்டோ சேமிப்புக் கணக்குக்குப் போகிறது; வீட்டில் பிள்ளைகள் விளையாட எடுக்கும் அதே போனில் இருக்கிறது. 2016இல் முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்ன உச்ச நீதிமன்றமே, பாலியல் குற்றம் போன்ற உணர்வு சார்ந்த வழக்குகளுக்கு விலக்கு அளித்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளம் வெளியே போவதைத் தடுக்கிறது. இருபுறமும் பூட்டிய மறையாக்கம் (எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்) 2016 முதல் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது வழியில் ஒட்டுக்கேட்பவனைத்தான் தடுக்கும். குழுவுக்குள் இருக்கிற அறுபது பேரைத் தடுக்காது. கூகுள் கணக்குக்குப் போகும் காப்புநகலும், நாமாகச் சென்று பூட்டை இயக்கினால் ஒழிய, அந்தப் பாதுகாப்பில் சேராது.

குழுவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. சட்டப்பணிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச உதவி தருகிறது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்குத் தருகிறது, காவலில் இருக்கிற எவருக்கும் தருகிறது. ஆக ஒரே வழக்கில் மனைவிக்கும் நம் வழக்கறிஞர், கணவனுக்கும் நம் வழக்கறிஞர் என்று வருவது சாதாரணம். எதிரிக்கு எல்.ஏ.டி.சி.எஸ். வழக்கறிஞர், பாதிக்கப்பட்டவரின் இழப்பீட்டு மனுவுக்கு ஆணைக்குழுப் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் என்றும் வரும். இரு தரப்பும் ஒரே குழுவில் உட்கார்ந்துகொண்டு, 'இந்தச் சாட்சியை எப்படி உடைக்கலாம்?' என்று யோசனை கேட்டால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு மாவட்ட ஆணைக்குழுவின் செயலர் நீதித்துறை அதிகாரி. தலைவர் மாவட்ட முதன்மை நீதிபதி. செயலரும் சேர்ந்திருக்கிற குழுவில் வழக்கின் உத்தியைப் பேசுவது, மறையாக்கம் எத்தனை பலமாக இருந்தாலும், தவறான இடத்தில் பேசுவதுதான்.

டெலிகிராம், சிக்னல் இரண்டையும் வாட்ஸ்ஆப்புக்கு மாற்றாக முன்வைக்கிறவர்கள் உண்டு. டெலிகிராமில் தேடல் நன்றாக இருக்கும், பெரிய கோப்பு போகும், போன் எண்ணை மறைக்கலாம், பின்னால் சேர்ந்தவருக்கும் பழையதைக் காட்டலாம். ஆனால் அதன் சாதாரண அரட்டையும் குழுவும் இருபுறமும் பூட்டியவை அல்ல. அந்தப் பாதுகாப்பு இருவர் பேசும் ரகசிய அரட்டைக்கு மட்டுமே. அதனால் தீர்ப்புகள், அரசாணைகள், சுற்றறிக்கைகள் என்று ஊரறிய உள்ளவற்றை ஒரு சேனலில் போட்டுவைக்க டெலிகிராம் மிக நல்லது. கட்சிக்காரர் பெயர் வரும் எதற்கும் ஆகாது. சிக்னல் நேர் எதிர். எல்லாமே பூட்டியது, நாம் குறிக்கும் காலத்தில் செய்திகள் தானாக அழியும்படி வைக்கலாம். ஒரே வழக்கில் ஒரே தரப்பில் இருக்கிற இரண்டு மூன்று பேர் பேசிக்கொள்ள அதைவிடப் பொருத்தமானது இல்லை. அப்படி அழியவிடுகிற இடத்தில் அறிவைச் சேர்த்துவைக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மின்னஞ்சல் குழு என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். பழைய சமாசாரம், யார் பார்க்கிறார்கள் என்பார்கள். நான் அதற்குத்தான் வக்காலத்து வாங்குகிறேன். கூகுள் குரூப்ஸ் போன்ற ஒன்றில் ஒரு முகவரியை உண்டாக்கி உறுப்பினர்களைச் சேர்த்துவிட்டால், அந்த முகவரிக்கு எழுதும் ஒவ்வொரு கேள்வியும் பதிலும் தலைப்போடு ஓர் இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். நான்கு ஆண்டு கழித்துச் சேரும் வழக்கறிஞர் '479' என்றோ 'ஜீவனாம்சம் நிலுவை' என்றோ தேடினால் முழு விவாதமும் வரும். செலவு இல்லை. மின்னஞ்சல் பார்க்காத வழக்கறிஞர் என்ற நிலைமையையும் இ-ஃபைலிங் வெகுவாக மாற்றிவிட்டது.

இன்னொரு நன்மை அதன் மந்தம். மின்னஞ்சல் எழுத உட்காருகிறவர் கொஞ்சம் யோசித்து, பெயரை நீக்கி, 'கட்சிக்காரர் மீது இரண்டு வழக்குகள். ஒன்றில் மட்டும் தண்டனைக் காலத்தின் பாதி முடிந்திருக்கிறது. 479 உட்பிரிவு 2 தடையாக நிற்குமா?' என்று கேள்வியாக எழுதுகிறார். போட்டோ எடுத்துப் போடும் அவசரம் அங்கே வருவதில்லை. குறையும் உண்டு. விலகியவரைக் குழுவிலிருந்து நீக்கினால் சேமிப்பகம் அவருக்கு மூடிவிடும்; ஆனால் ஏற்கெனவே அவருடைய அஞ்சல்பெட்டிக்கு வந்தவை அங்கேயே இருக்கும். ஆகவே அடையாளம் இல்லாத சட்டக் கேள்விகளுக்கு மட்டும் என்ற விதியோடுதான் இதைத் தொடங்க வேண்டும். அவசரத்துக்கும் உதவாது, கோர்ட் ஹாலில் நின்றுகொண்டு மின்னஞ்சலுக்குப் பதில் எதிர்பார்க்க முடியாது.

பொது டிரைவுக்கு, அதாவது அணியினர் பகிர்ந்துகொள்ளும் இணையக் கோப்புறைக்கு, வருவோம். மனு மாதிரிகளும் வழக்குப் பட்டியலும் இருக்க வேண்டிய இடம் இதுதான். அறிவு ஒரு கணக்குத் தாளில் எப்படித் தங்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பி.என்.எஸ்.எஸ். 187ஆம் பிரிவில், குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் எதிரிக்கு ஜாமீன் உரிமை பிறக்கிறது. வணிக அளவு போதைப்பொருள் வழக்கில் அது 180 நாள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டுமா என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று 2023 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு முடித்துவைத்தது. ஜூலை 1 அன்று ரிமாண்ட் ஆனவருக்கு 60ஆம் நாள் ஆகஸ்ட் 29. ஆகஸ்ட் 30 காலையில் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் ரிமாண்ட் நாளை விட்டுவிட்டு எண்ணுகிறவர் 31ஆம் தேதிக்குத்தான் போவார். இடையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போயிற்று.

ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், சென்னை போதைப்பொருள் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 அக்டோபரில் முடிந்த வழக்கைப் பார்க்கலாம். 181ஆம் நாள் காலை 10.30 மணிக்கு ஜாமீன் மனு. அன்று மாலை 4.25க்குப் புலனாய்வுத் தரப்பின் கூடுதல் புகார் (இவ்வகை வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு இணையானது). மனு முந்திக்கொண்டதால் உரிமை நின்றது.

இந்தக் கணக்கைக் குழுவில் ஆயிரம் முறை விளக்கலாம். அல்லது கூகுள் ஷீட்ஸில் ரிமாண்ட் தேதி ஒரு பத்தி, 60, 90, 180 என்ற நாள் கணக்கு ஒரு பத்தி, இரண்டையும் கூட்டி வரும் 'மனு போடும் நாள்' ஒரு பத்தி என்று ஒரே ஒரு முறை அமைத்துவிடலாம். ஜூலை 1உடன் 60ஐக் கூட்டினால் தாள் தானாக ஆகஸ்ட் 30 என்று காட்டும். தீர்ப்பைப் படிக்காத புதியவரும் சரியான நாளில் கோர்ட்டில் நிற்பார். அதே தாளில் ஜாமீன் கிடைத்த தேதிக்கும் ஒரு பத்தி தேவை. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தகவல் வரும்வரை காத்திருக்காமல், எட்டாம் நாளில் சிவப்பாகும் கட்டம் நம்மிடமே இருப்பது நல்லது. அதன் பக்கத்தில் காரணம் எழுத ஓர் இடம். பெரும்பாலும் அங்கே 'சூரிட்டி கிடைக்கவில்லை' என்றுதான் இருக்கும். ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது.

தாளில் கட்சிக்காரர் பெயர் வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் இ-கோர்ட்ஸில் கிடைக்கும் தனி எண்ணான சி.என்.ஆர். எண்ணும் வேண்டாம். அந்தப் 16 எழுத்தை இ-கோர்ட்ஸ் தளத்தில் தட்டினால் பல வழக்குகளில் கட்சிக்காரர் பெயர் வந்து நிற்கும். எண்ணைப் போடுவது பெயரைப் போடுவதற்குச் சமம். சட்ட உதவி விண்ணப்ப எண் போதும். வழக்கு யாருடையது என்பது அந்த வழக்கறிஞருக்கும் அலுவலகத்துக்கும் தெரிந்தால் சரி. பகிர்வு அமைப்பில் 'இணைப்பு உள்ள எவரும்' என்ற வரியைத் தொடவே கூடாது. வேலை சுலபமாகும் என்று அதைத் தேர்ந்தெடுத்து, இணைப்பை வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட்டால், விலகியவரையும் அவர் அனுப்பிவைத்தவரையும் சேர்த்து உள்ளே விட்டதாகும்.

மனு மாதிரிகளில் வேறொரு தலைவலி. நம் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்; நல்ல மனுக்களில் பெரும்பகுதி தமிழில்தான் இருக்கிறது. ஆனால் தட்டச்சர்கள் பலர் இன்னமும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். 'ஜீவனாம்சம்' என்று தேடினால் டிரைவ் கையை விரித்துவிடும். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. டைப்பிங் சென்டருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ஆகவே டிரைவில் ஏற்றும் முன் யூனிகோடுக்கு மாற்றுவது கட்டாயம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் செய்த தமிழ் ஆவணங்களை கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளை ஓரளவு பிரித்துத் தரும். பிரிவு எண்களை மட்டும் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

கணக்கு யாருடையது? ஆர்வமுள்ள ஓர் இளம் வழக்கறிஞர் தன் சொந்த ஜிமெயிலில் டிரைவ் கோப்புறையை உண்டாக்கி எல்லாரையும் சேர்த்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அவர் விலகும்போது கோப்புறையும் அவரோடு போகிறது. இலவசக் கணக்கில் கோப்பின் உரிமை தனிநபருடையது. கட்டணம் கட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸின் பகிர்வு டிரைவிலும், ஜோஹோ வொர்க்டிரைவின் அணிக் கோப்புறையிலும் உரிமை நிறுவனத்துக்குச் சேரும். ஆளை நீக்கினால் அணுகல் போகும், கோப்பு தங்கும். நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் நேராக 'ஆம்' சொல்கிறவை இவை மட்டுமே. அப்போதும் தரவிறக்கம் செய்து வைத்துக்கொண்டது கையை விட்டுப் போகாது. ஆகவே மிக ரகசியமான கோப்புகளுக்குத் தரவிறக்கத்தைத் தடுக்கும் அமைப்பை இயக்கிவைக்க வேண்டும். ஜோஹோவின் தரவு மையம் இந்தியாவில் இருப்பது, அரசு சார்ந்த அமைப்புகளுக்கு ஒப்புதல் வாங்கும்போது பேச்சைச் சுருக்கும். பதிவு செய்த அறக்கட்டளையாக இயங்கும் சட்ட உதவி மையங்கள், லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான கூகுளின் இலவசத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அரசு அமைப்புகளுக்கு அது கிடைக்காது.

ஸ்லாக் போன்ற அலுவலக அரட்டைச் செயலிகளை ஐ.டி. நண்பர்கள் சிபாரிசு செய்வார்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய உரையாடல் கண்ணுக்குத் தெரியாது. வாய்தா மேல் வாய்தா போகும் வழக்குகளுக்கு 90 நாள் எந்த மூலைக்கு? சொந்த சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை நிறுவுவது கொள்கையளவில் அருமையான யோசனை. நிறுவிக்கொடுத்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போன மாதம் அது நின்றுவிடும். நால்சாவின் இணைய தளமும் செயலியும் விண்ணப்பம் வாங்க, நிலவரம் பார்க்க உதவுபவை. வழக்கறிஞர்கள் தமக்குள் கலந்துகொள்ள ஏற்பட்டவை அல்ல.

ஆகவே நாற்பது ஐம்பது பேர் கொண்ட ஒரு மாவட்ட அணி என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். வாட்ஸ்ஆப்பை விடவே வேண்டாம், விடச் சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதை இரண்டாகப் பிரியுங்கள். செயலர் இருக்கிற குழு அறிவிப்புக்கும் முகாம் வேலைக்கும். வழக்கறிஞர்கள் மட்டும் உள்ள குழு அவசரக் கேள்விக்கு. அதிலும் படம் கிடையாது, பெயர் கிடையாது. எல்.ஏ.டி.சி.எஸ். வழக்கறிஞர்கள் தனியே ஒரு குழு வைத்துக்கொள்ளட்டும். அவசரம் இல்லாத சட்டக் கேள்வி எல்லாம் மின்னஞ்சல் குழுவுக்கு. வாட்ஸ்ஆப்பில் வந்த நல்ல பதிலை வாரம் ஒரு முறை மின்னஞ்சலுக்கு ஏற்ற ஒருவரை நியமித்து அதற்குச் சிறு மதிப்பூதியமும் தரலாம். மாதிரிகளும் நாள் கணக்குத் தாளும் நிறுவன உரிமையுள்ள டிரைவில்.

பணம் இல்லை என்றால், அலுவலகத்தின் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கும் அதன் 15 ஜிபி இடமும் மாதிரி மனுக்களுக்கும் தாளுக்கும் தாராளம். கடவுச்சொல் சீலிட்ட உறையில் அலுவலகத்தில் இருக்கட்டும். ஓடிபி வரும் எண் அலுவலக எண்ணாக இருக்கட்டும், எந்த வழக்கறிஞரின் சொந்த எண்ணாகவும் வேண்டாம். இரண்டாண்டு தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் அழித்துவிடக்கூடும் என்பதால் யாராவது அவ்வப்போது உள்ளே போய்வர வேண்டும். புதிய பட்டியலுக்கான உத்தரவு வருகிற அன்றே, விலகுகிறவர்களின் பெயர்களை இரண்டு வாட்ஸ்ஆப் குழுக்கள், மின்னஞ்சல் குழு, டிரைவ் என்ற நான்கிலிருந்தும் எடுத்து, எடுத்தாயிற்று என்று அந்த உத்தரவின் அலுவலக நகலிலேயே குறித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.